ஒரு முழமும் நாலு விரலும்

நியூஜெர்சி
11-1-1998

அன்புள்ள தாட்சாயணிக்கு,

சம்பத் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். கிழித்துப் போடாமல் கடைசி வரை படிக்க வேண்டுகிறேன்.

நான் இங்கே கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. இரண்டு வருடத்துக்கு முன் ஞானஸ்நானம் பெற்றேன். கர்த்தர் என்னைப் புது மனிதனாக்கினார். என் மனைவி பிரியங்காதான் முதலில் சபைக்கு அழைத்துப் போனாள். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அதுவும் அவருடைய சித்தம் என்று ஏற்றுக்கொண்டோம்.

தம்பி கிஷோர் எழுதியிருந்தான், நீ இப்போது இருபது பேரை வைத்து வேலை வாங்கும் மேஸ்திரியாகிவிட்டாயாம். வெதுருகுப்பத்துப் பள்ளிக்கூடக் கட்டடம்கூட உன் கைவேலைதானாம். சந்தோஷம்.

விஷயத்துக்கு வருகிறேன். எசேக்கியேல் என்று ஒரு எபிரேயத் தீர்க்கதரிசி இருந்தார். பாபிலோனியர்கள் அவரையும் அவருடைய ஜனங்களையும் சிறைபிடித்துக்கொண்டு போனார்கள். இருபத்தைந்து வருடம் அந்நிய தேசத்தில் இருந்த பிறகு அவருக்கு ஒரு தரிசனம் கிடைத்தது. கையில் அளவுகோல் வைத்திருந்த ஒரு புருஷன் அவரை உயரமான மலைமேல் நிறுத்தி ஒரு ஆலயத்தைக் காட்டினார். வாசல் வாசலாக, சுவர் சுவராக அளந்து சொன்னார். அதுவரை யாரும் கட்டாத ஆலயம், இன்றுவரையும் யாரும் கட்டாத ஆலயம். அதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. நானும் தூர தேசத்தில்தானே கிடக்கிறேன்.

என் பாகத்துக்கு வந்த வடமாலபேட்டை ரோட்டோர மாந்தோப்பில், அதே அமைப்பில், ஐந்தில் ஒரு பங்கு அளவில் ஒரு ஜெபாலயம் கட்ட நினைக்கிறேன். அதை நீதான் கட்ட வேண்டும் என்று எனக்கு உணர்த்தப்பட்டது. பழைய நாட்களில் நம் இருவருக்கும் இடையே சில மனவருத்தங்கள் நேர்ந்தன. இந்த வேலை அதற்கெல்லாம் ஒரு மருந்தாக இருக்கட்டும்.

கர்த்தருக்குள் அன்புள்ள,
சாமுவேல் சம்பத்


வடமாலபேட்டை
3-2-1998

திரு. சாமுவேல் சம்பத் அவர்களுக்கு,

தாட்சாயணி எழுதிக்கொண்டது. இங்கு நலம். அங்கு நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன்.

பெயருக்கு முன்னால் புதிதாக ஒரு பெயர் ஒட்டியிருக்கிறது. பழைய பெயரில் செய்ததையெல்லாம் பழைய பெயரோடு விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. எனக்கு அந்த வசதி இல்லை. பிறந்தபோது வைத்த அதே தாட்சாயணிதான்.

"மனவருத்தங்கள்" என்ற சொல்லை நாலு தடவை படித்தேன். நடந்தது உங்களுக்கு மறந்திருக்கலாம் என்பதால் ஞாபகப்படுத்துகிறேன். 1981 வைகாசி. கெங்கையம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது. எனக்கு ஐந்து மாதம். உங்கள் அப்பா ஒரு பக்கம், அவர் வயலில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த என் நைனா செங்கல்வராயன் ஒரு பக்கம். தட்டில் கற்பூரம் எரிந்தது. நீங்கள் திருப்பதி இன்ஜினியரிங் காலேஜிலிருந்து இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, "இவ வயித்துல இருக்கறதுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல" என்று சொல்லி, உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்தீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தீர்கள், ஊரும் அந்தச் சோற்றைத் துன்றுவிட்டு எழுந்து போனது. என் நைனா அதன் பிறகு தலை நிமிர்ந்து நடக்கவில்லை. மறு வருஷம் போய்ச் சேர்ந்தார்.

அந்தச் சத்தியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று உங்களுக்கு நாலு கடிதம் எழுதினேன். உங்கள் சித்தம், ஒன்றுக்கும் பதில் இல்லை.

வயிற்றில் இருந்தது இப்போது புத்தூர் காலேஜில் இன்டர் படிக்கிறது. பெயர் ரூபா. "உனக்கும் குழந்தைக்கும் சுகமா" என்று ஒரு வரி எழுதியிருந்தால் மை தீர்ந்துபோயிருக்காது.

அந்தத் தீர்க்கதரிசியோடு உங்களைச் சேர்த்துச் சொல்லியிருந்தீர்கள். அவரைச் சிறைபிடித்துக்கொண்டு போனார்கள். உங்களை யார் பிடித்துக்கொண்டு போனது? நீங்களாகத்தானே ஓடினீர்கள்?

இருந்தாலும் வேலையை ஒப்புக்கொள்கிறேன். வேலை வேறு, வயிற்றெரிச்சல் வேறு. பிளானும், அது எழுதியிருக்கிற புத்தகமும் தமிழிலேயே அனுப்புங்கள். சொல்லிக் கேட்டுக் கட்ட மாட்டேன், நானே படித்துத்தான் கட்டுவேன்.

இன்னொன்று. நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். மனை கோலும் அன்று, மனைக்காரரின் கை முழத்துக்கு ஒரு கோல் வெட்டி, மஞ்சள் தடவி, அந்தக் கோலால்தான் முதல் அளவு போட வேண்டும். நீங்கள் ஊரில் இல்லை. யார் கையை அளப்பது என்று உங்கள் கைப்பட எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தாட்சாயணி


நியூஜெர்சி
14-2-1998

அன்புள்ள தாட்சாயணிக்கு,

வேலையை ஒப்புக்கொண்டதற்கு நன்றி. உன் கடிதத்தில் இருந்த கோபத்தைக் கர்த்தரிடம் ஒப்படைத்துவிட்டேன். நீயும் அப்படிச் செய்தால் உன் மனம் லேசாகும்.

புத்தகமும் பிளானும் இத்துடன் வருகின்றன. சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிப் பிராகாரம் நாலு பக்கமும் சமமான சதுரம். நம் அளவில் நூறு முழம். கிழக்கு, வடக்கு, தெற்கு என்று மூன்று வாசல்கள், மேற்கே வாசல் கிடையாது. வெளி வாசலுக்கு ஏழு படி ஏற வேண்டும். உள் வாசலுக்கு இன்னும் எட்டுப் படி. பரிசுத்தத்தை நெருங்க நெருங்க மனிதன் உயர வேண்டும் என்பது அதன் அடையாளம். ஒவ்வொரு வாசலுக்குள்ளும் பக்கத்துக்கு மூன்று காவல் அறைகள். நடுவில் பலிபீடம். அதற்கு மேற்கே ஆலயம். சுவரில் ஒரு பேரீச்ச மரம், ஒரு கேருபீன் என்று மாறி மாறி வர வேண்டும். கேருபீன் சிறகுள்ள தேவதூதன், அதற்கு இரண்டு முகம், ஒன்று மனித முகம், ஒன்று சிங்க முகம். வெளிப் பிராகாரத்தின் நாலு மூலையிலும் சமையல் இடம். ஆலய வாசற்படியின் கீழிருந்து தண்ணீர் ஊறிக் கிழக்கே ஓட வேண்டும், அதற்கு ஒரு மோட்டார் போதும். அந்தத் தண்ணீர் முதலில் கணுக்கால் அளவு, பிறகு முழங்கால், பிறகு இடுப்பு, கடைசியில் நீந்த வேண்டிய நதி. கிருபை அப்படித்தான் வளரும்.

முழத்தை மட்டும் கவனி. அங்கே சொல்லப்படுவது சாதாரண முழம் இல்லை. கை முழத்தோடு நாலு விரற்கடை கூட்டிக்கொள்ள வேண்டும்.

கிழக்கு வாசல் மூடியிருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஆனால் பிரதிஷ்டை அன்று நானும் இங்கிருந்து வரும் சபை மூப்பர்களும் அதன் வழியாகத்தான் ஊர்வலமாக உள்ளே வருவோம். அதன்பின் மூடிக்கொள்ளலாம்.

மற்றபடி எழுதியிருக்கிறபடியே, ஒரு எழுத்துப் பிசகாமல் கட்டு. கை முழம் யாருடையதாக இருந்தால் என்ன? அந்தப் பழைய சம்பிரதாயத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. உனக்கு யார் கை சரி என்று படுகிறதோ அவர் கையை அளந்துகொள். எனக்குச் சம்மதம்.

அன்புள்ள,
சாமுவேல் சம்பத்


வடமாலபேட்டை
9-3-1998

திரு. சாமுவேல் சம்பத் அவர்களுக்கு,

தாட்சாயணி எழுதிக்கொண்டது. உங்கள் சம்மதம் வந்து சேர்ந்தது. மாசி வாஸ்து நாளில் மனை கோலியாகிவிட்டது.

நீங்கள் பார்க்கவில்லையே என்று விவரமாக எழுதுகிறேன். உங்கள் வேதத்து வேலை என்பதால் தேங்காய் உடைக்கவில்லை. முழக்கோலை மட்டும் விடவில்லை. அது மேஸ்திரியின் வழக்கம், சாமியின் வழக்கம் இல்லை. ஊரே வந்திருந்தது. அமெரிக்காக்காரர் என்ன கட்டுகிறார் என்று பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? கிஷோர் பட்டுக்கரை வேட்டி கட்டி, மகனுக்குப் புதுச் சட்டை போட்டு, கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றிவைத்துத் தயாராக நின்றார்.

நீங்கள் மறந்துவிட்டீர்கள், ஊர் மறக்கவில்லை. மனைக்காரர் ஊரில் இல்லையென்றால் அவர் பெற்ற பிள்ளையின் கையை அளக்க வேண்டும். பிள்ளையே இல்லாதவருக்குத்தான் கூடப் பிறந்தவரின் கை. நீங்கள் சிறுவனாக இருந்தபோது, உங்கள் அப்பா பம்பாய் போயிருந்த சமயம், உங்கள் மாடிவீட்டுக்கு மனை கோலியது உங்கள் கையை அளந்துதான். கோல் வெட்டியவர் என் நைனாவின் அண்ணன். அந்தக் கை எப்படி மறந்தது?

நான் முதலில் உங்கள் கடிதத்தின் கடைசிப் பாராவைச் சத்தமாகப் படித்தேன். தெலுங்கு மட்டும் தெரிந்தவர்களுக்காகத் தெலுங்கிலும் சொன்னேன். பிறகு கூப்பிட்டேன், "ரூபா, வாம்மா, கையை நீட்டு." முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை சவுக்குக் கோலை வைத்து அளந்தேன். உங்கள் தீர்க்கதரிசி சொன்ன நாலு விரற்கடையையும் அவள் விரலாலேயே கூட்டினேன். கோல் வெட்டி மஞ்சள் தடவினேன்.

கிஷோர்தான் கத்தினார். "இன்னாடி பண்ணிக்கினு கீற? எங்க அண்ணனுக்கு ஏது புள்ள?"

"உங்க அண்ணன் சம்மதம் குட்துகீறாரு. வேணும்னா படிச்சிக்கோ" என்று கடிதத்தை நீட்டினேன். பஞ்சாயத்து சர்பஞ்ச் பாலசுந்தரம் அதை வாங்கிப் படித்துவிட்டு, "கையெழுத்து அவுருதுதான், மேஸ்திரியம்மா அளவு போடட்டும்" என்றார். எங்கள் சித்தாள் வரலட்சுமி ஒரு குலவை போட்டாள் பாருங்கள், ரோட்டில் போன பஸ்கூட நின்றது.

ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும். எனக்கு வர பதினேழு வருஷம் ஆயிற்று. எனக்கு வேண்டியது இது மட்டுமில்லை. உங்கள் வாய் எந்த ஊர் முன்னால் இல்லை என்று சொன்னதோ, அதே ஊர் முன்னால் அதே வாய் "இவள் என் மகள்" என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்த வேலையை ஒப்புக்கொண்டேன். மறைத்துச் செய்ய எனக்கு ஒன்றும் இல்லை.

சுண்ணாம்புக் கோடு போட்டாகிவிட்டது. நாளை கடைக்கால் தோண்டுகிறோம்.

இப்படிக்கு,
தாட்சாயணி


நியூஜெர்சி
30-3-1998

தாட்சாயணி,

நீ செய்தது நம்பிக்கைத் துரோகம். கிஷோர் போனில் அழுதான். அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம். ஒரு பரிசுத்தமான காரியத்தை உன் சொந்தப் பகைக்குக் கருவியாக்கிவிட்டாய்.

போட்ட கோட்டை அழித்துவிட்டு, கிஷோர் கையை அளந்து மறுபடி கோல வேண்டும். ரூபாவை நிறுத்தியது வெறும் வசதிக்காகத்தான் என்று நாலு பேரிடம் நீயே சொல்லிவிடு. பிரியங்காவுக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்தால் அவள் தாங்க மாட்டாள். இங்கே சபையில் நான் ஒரு பொறுப்பில் இருக்கிறேன். சின்ன வயதில், பயத்தில் சொன்ன ஒரு வார்த்தைக்காக ஒரு மனிதனை எத்தனை காலம் துரத்துவாய்? பழிவாங்குதல் கர்த்தருக்கு உரியது. அது உன் வேலை இல்லை.

சம்பத்


வடமாலபேட்டை
20-4-1998

திரு. சாமுவேல் சம்பத் அவர்களுக்கு,

இந்தத் தடவை "அன்புள்ள"வும் இல்லை, "சாமுவேலு"ம் இல்லை. கோபம் வந்ததும் பழைய ஆள் வந்துவிட்டார். வரட்டும், நான் தேடிக்கொண்டிருப்பது அவரைத்தான்.

கோட்டை அழிக்க முடியாது. கடைக்கால் முடிந்து சுவர் இடுப்பளவு வந்துவிட்டது. ஆலயம் இருபது முழம் நீளம், உள்ளறை நாலுக்கு நாலு, எல்லாம் ரூபாவின் முழம், ரூபாவின் விரல். அழிக்க வேண்டுமென்றால் நீங்களே வந்து கடப்பாரையைப் பிடியுங்கள்.

வசதிக்காக நிறுத்தினேன் என்று சொல்லச் சொல்கிறீர்கள். ஒரு பொய்ச் சத்தியம் உங்கள் குடும்பத்துக்குப் போதவில்லையா? இரண்டாவதை என் வாயால் சொல்ல வேண்டுமா?

நீங்கள் அனுப்பிய புத்தகத்தில் அந்தத் தீர்க்கதரிசியின் பாகத்தை முழுக்கப் படித்தேன். தினம் வேலை முடிந்து கை கழுவியதும் ஒரு பக்கம். நீங்கள் எனக்குப் படிகளையும் பேரீச்ச மரத்தையும் மட்டும் சொன்னீர்கள். நடுவே எத்தனை விஷயத்தைத் தாண்டிக் குதித்திருக்கிறீர்கள்!

இந்த ஆலயத்தின் அளவை எதற்காகக் காட்டினார்களாம்? ஜனங்கள் தாங்கள் செய்ததை நினைத்து வெட்கப்பட வேண்டும், வெட்கப்பட்டு அதை அளந்து பார்க்க வேண்டும் என்று. நீங்கள் முதலில் அளக்கப் போய்விட்டீர்கள். வெட்கம் விட்டுப்போயிற்று. மேஸ்திரி வேலையில் இதற்குக் கடைக்கால் இல்லாமல் சுவர் எழுப்புவது என்று பெயர்.

நடுவில் ஒரு மதில் வருகிறது. பரிசுத்தமானதையும் பரிசுத்தமில்லாததையும் பிரிப்பதற்காம். அதை நீங்கள் எந்தப் பக்கம் நின்று பார்க்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

வழி தப்பிப் போன ஆசாரியர்கள் என்று சிலரைப் பற்றி வருகிறது. அவர்களைத் துரத்திவிடவில்லை. வாசலைக் காக்கலாம், ஜனங்களுக்கு ஊழியம் செய்யலாம், ஆனால் பரிசுத்தமான இடத்தை நெருங்கக் கூடாது. தங்கள் அவமானத்தைச் சுமந்துகொண்டு வாசலிலேயே நிற்க வேண்டும். அந்த இடத்தைப் படித்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்காக யாரோ ரெண்டாயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே எழுதிவைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

கடைசியில் நிலத்தைப் பங்கு போடுகிறார்கள். கோத்திரக்காரர்களுக்கு மட்டும்தான் பங்கு என்று நினைத்துக்கொண்டே படித்தேன். அப்படி இல்லை. வெளியிலிருந்து வந்து உங்கள் நடுவில் குடியிருந்து, உங்கள் நடுவில் பிள்ளை பெற்றவர்களுக்கும் சொந்தக்காரர்களைப் போலவே பங்கு கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் நடுவில் பிள்ளை பெற்றவர்கள்! அந்த வரி உன் கண்ணில் படவே இல்லையா, சம்பத்? மூன்று தலைமுறையாக உங்கள் நிலத்தில் கால் ஊன்றி, ஒரு குழி சொந்தமில்லாமல் செத்த என் நைனா உன் ஞாபகத்துக்கே வரவில்லையா?

நீ என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்த மாட்டேன். அப்படியே இருக்கட்டும்.

பழி கர்த்தருக்கு உரியது என்கிறீர்கள். சரி, அவர் செய்யட்டும். நான் அவருக்குச் சித்தாள் வேலை பார்க்கிறேன், கல் எடுத்துக் கொடுக்கிறேன்.

ஒரு எழுத்துப் பிசகாமல் கட்டச் சொன்னீர்கள். கிழக்கு வாசலைச் செங்கல் வைத்து மூடப் போகிறேன். கடவுள் நுழைந்த வாசலில் மனிதன் நுழையக் கூடாது என்று எழுதியிருக்கிறது. சபை மூப்பர்கள் நுழையலாம் என்று எங்கேயும் இல்லை. நம் நாகலாபுரத்துப் பெருமாளாவது பரவாயில்லை. மேற்கே பார்த்து நின்றாலும், பங்குனியில் மூன்று நாள் சாயங்கால வெயிலைக் காலிலும் வயிற்றிலும் தலையிலும் வாங்கிக்கொள்கிறார், யாருக்கும் கதவு அடைப்பதில்லை. உங்கள் ஆள் கொஞ்சம் கறார். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது.

இப்படிக்கு,
தாட்சாயணி


நியூஜெர்சி
8-11-1998

அன்புள்ள தாட்சாயணிக்கு,

ஏழு மாதமாக எழுதவில்லை. நீ குறிப்பிட்ட இடங்களை எடுத்துப் படித்தேன். நான் கோடு போட்டு வைத்த வரிகள் வேறு, நீ சொன்ன வரிகள் வேறு. அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

கட்டடம் முடிந்து வெள்ளையடித்தாயிற்று என்று கிஷோர் சொன்னான். டிசம்பர் 27 ஞாயிற்றுக்கிழமை பிரதிஷ்டை வைத்திருக்கிறோம். பிரியங்காவும், சபையிலிருந்து மூன்று மூப்பர்களும் என்னோடு வருகிறார்கள். கிழக்கு வாசலை மூடியிருந்தால் மூடியபடியே இருக்கட்டும், வடக்கு வழியாக வருகிறோம்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். அந்த ஒரு நாள் மட்டும் நீயும் ரூபாவும் அங்கே வராமல் இருங்கள். மற்றதை அப்புறம் தனியாகப் பேசிக்கொள்ளலாம். என்னை நாலு பேர் முன்னால் தலை குனிய வைக்காதே.

அன்புள்ள,
சம்பத்


வடமாலபேட்டை
25-11-1998

திரு. சம்பத் அவர்களுக்கு,

கட்டியவளை வராதே என்கிறீர்கள். கட்டடத்துக்குக் கை கொடுத்தவளை வராதே என்கிறீர்கள். நாலு பேர் முன்னால் தலை குனிவது எப்படி இருக்கும் என்று என் நைனாவிடம் கேட்டிருக்கலாம், நன்றாகச் சொல்லியிருப்பார்.

நாங்கள் வருவோம். ஊரும் வரும். வடக்கு வாசலில் ஏழு படி ஏறி வாருங்கள். வலது பக்கத்து முதல் காவல் அறையில் நானும் ரூபாவும் உட்கார்ந்திருப்போம். நான் அதிகம் பேச மாட்டேன், ஒரே ஒரு கேள்வி கேட்பேன். சரியான பதில் சொன்னால் எட்டுப் படி ஏறி உள்ளே போங்கள், நானே கை காட்டுகிறேன். அந்த நிமிஷத்தோடு என் பகையை அங்கேயே விட்டுவிடுகிறேன், இது சத்தியம். என் சத்தியம், உங்களுடையது போல இல்லை.

தவறான பதில் சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்பதும் புத்தகத்தில் இருக்கிறது. வடக்கே நுழைந்தவன் தெற்கேதான் வெளியேற வேண்டும், வந்த வழியில் திரும்பக் கூடாது.

இப்படிக்கு,
தாட்சாயணி


நியூஜெர்சி
16-1-1999

தாட்சாயணி,

நான் எழுதுவதை நடுவில் நிறுத்தாமல் படி.

பிரதிஷ்டை அன்று படி ஏறும்போதே அவளைப் பார்த்துவிட்டேன். போட்டோகூடப் பார்த்ததில்லை, ஆனாலும் தெரிந்துவிட்டது. என் அம்மாவின் நெற்றி. நீ எழுந்து, "இந்தப் பொண்ணு யாருன்னு உங்க கூட வந்தவங்களுக்குச் சொல்லுங்க" என்றாய். வாசலுக்கு உள்ளேயும் வெளியேயும் ஊர் நின்றது. பிரியங்கா என் முகத்தைப் பார்த்தாள். மூப்பர்கள் சிரித்த முகமாக நின்றார்கள். நான் சொல்ல வாயைத் திறந்தேன், தாட்சாயணி. "மேஸ்திரியின் மகள்" என்றுதான் வந்தது.

நீ திட்டவில்லை. தெற்கே கையைக் காட்டினாய், அவ்வளவுதான். நூறு முழம். இரண்டு பக்கமும் எனக்குத் தெரிந்த முகங்கள். உள் வாசலின் எட்டுப் படியைக் கடந்து போனபோது என்னால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க முடியவில்லை. பிரியங்கா பின்னால் வந்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். தெற்கு வாசலில் திரும்பிப் பார்த்தால் அவள் ரூபாவின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லையாம், ரூபாவின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாளாம்.

சென்னை ஓட்டலில் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். இங்கே வந்து சபையிலும் சொன்னேன். பொறுப்பிலிருந்து விலகிவிட்டேன். பிரியங்கா ஹூஸ்டனில் அவளுடைய அண்ணன் வீட்டில் இருக்கிறாள்.

கீழே எழுதுவது ஊருக்காக. நீ விரும்பும் இடத்தில், விரும்பும்படி படித்துக்கொள்.

"1981-இல் கெங்கையம்மன் கோயில் முன்னால் நான் செய்த சத்தியம் பொய். தாட்சாயணி சொன்னது உண்மை. ரூபா என் மகள். செங்கல்வராயன் என்ற நல்ல மனிதரை நான் அவமானப்படுத்திக் கொன்றேன்."

தோப்பையும் கட்டடத்தையும் ரூபா பெயருக்கு எழுதி, பவர் பத்திரத்தை சர்பஞ்சுக்கு அனுப்பியிருக்கிறேன். கிஷோர் தடுக்க முடியாது.

எனக்கு ஒரே ஒரு ஆசை இருக்கிறது. சித்திரையில் தனியாக வருகிறேன். ரூபாவோடு ஒரு பத்து நிமிஷம் அந்த முற்றத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். அவள் வாயால் ஒரு தடவை நைனா என்று கேட்க வேண்டும். நீ சம்மதிப்பாயா?

சம்பத்


வடமாலபேட்டை
7-2-1999

சம்பத் அவர்களுக்கு,

தாட்சாயணி எழுதிக்கொண்டது. உங்கள் கடிதம் தை மூன்றாம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை கெங்கையம்மன் கோயில் முன்னால் ஊரைக் கூட்டி, நீங்கள் எழுதியதைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். கேட்காதவர் காதிலும் விழட்டும் என்று மைக் செட் வைத்தேன். உங்கள் அம்மா வீட்டுக்குள்ளிருந்து கேட்டிருப்பார். கிஷோர் கேட்டுவிட்டு எழுந்து போனார். 1981-இல் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்த கிழவர்களில் நாலு பேர் மிச்சம். அவர்களில் ஒருவர் வந்து, "தப்பாயிடுச்சிம்மா" என்று கையைப் பிடித்தார். நான் கையை உதறிக்கொண்டேன். அவர்களையும் நான் மன்னிக்கவில்லை.

சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். அன்றைக்கு வயிறு நிறையச் சோறு துன்றேன், அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன். பதினெட்டு வருஷத்தில் அப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை. உங்களிடம் எனக்கு இனி எதுவும் பாக்கி இல்லை. நாளைக்கு நீங்கள் ரோட்டில் எதிரே வந்தால்கூட என்னால் ஒதுங்கிப் போக முடியும்.

பத்திரம் வந்துவிட்டது. எம்.ஆர்.ஓ. ஆபீசில் பட்டா மாற்ற ரூபா கையெழுத்துப் போட்டாள், பதினெட்டு ஆகாததால் கார்டியனாக நானும் போட்டேன். உங்கள் ஜெபாலயத்தில் ஞாயிறுதோறும் நம் பக்கத்து நாலு வேதக்காரக் குடும்பங்கள் வந்து கும்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டாள். மூலைச் சமையல் கட்டில் எங்கள் சித்தாள்கள் மதியச் சோறு பொங்கிக்கொள்கிறார்கள்.

அடுத்து, நீங்கள் கேட்டது. அதற்கு என் சம்மதம் எதற்கு? நான் தடுக்க மாட்டேன் என்று அவளிடமும் சொன்னேன். கடிதத்தின் கடைசிப் பாகத்தை அவள் கையில் கொடுத்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே படித்தாள். எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது, அழுதுவிடுவாளோ, போகிறேன் என்று சொல்லிவிடுவாளோ என்று. அவள் அழவில்லை.

"ம்மா, உனக்குத்தான் அவுரு சொல்லணும்னு இருந்திச்சி. எனக்கு இன்னா இருந்திச்சின்னு நீ ஒருநாளும் கேக்கல. ஊருக்கு முன்னாடி என் கையைப் புட்ச்சி அளந்தியே, அன்னைக்கும் கேக்கல" என்றாள்.

உண்மையிலேயே நான் கேட்டதில்லை.

"அன்னைக்கு வாசல்ல அவுரு என் மூஞ்சியப் பாத்துக்கினேதான் மேஸ்திரி பொண்ணுன்னு சொன்னாரு. நான் வயித்துல இருக்கசொல்ல அவுரு சொன்ன பொய் உன்னுது, அது தீந்துபோச்சி. இது என்னுது" என்றாள். அடுத்த துணியை எடுத்து மடித்தாள்.

"வரவேணாம்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
தாட்சாயணி